சட்டத்துள் அமைந்த சரித்திரம்

தமிழிலே 'சட்டம்' என்னும் சொல் இரண்டு பொருள்களைத் தாங்கி நிற்கின்றது. அரசு இயற்றும் விதியும் சட்டம். படத்தைச் சுற்றி அமையும் மரவேலியும் சட்டம். இரண்டும் ஒரே தொழிலைத்தான் செய்கின்றன. உள்ளே இருப்பதைச் சிதையாமல் காத்து, எல்லை இதுவென்று காட்டுகின்றன. இவ்விரு சட்டங்களுக்கும் நடுவே வாழ்க்கை நடத்தும் ஒரு தம்பதியரின் சிறு கடையை முன்னிறுத்திச் சில வரலாற்றுச் செய்திகளை இன்று கூற விழைகின்றேன்.

கடை செட்டிநாட்டுச் சிற்றூர் ஒன்றில் இருக்கின்றது. காரைக்குடியில் முனீசுவரன் கோயில் தெருவிலே வரிசையாக உள்ள பழம்பொருள் கடைகளைப் பலர் அறிவர். நான் கூறும் கடை அவ்வளவு பெரிதன்று. முன்பக்கம் படங்களுக்குச் சட்டம் போடும் பட்டறை. பின்பக்கம் பழம்பொருள்கள் அடுக்கிய நீண்ட அறை. கணவர் தச்சர் மரபில் வந்தவர். மனைவி உயர்நிலைப்பள்ளி வரை பயின்றவர். கணவர் பழைய கதவுகளிலும் உத்தரங்களிலும் கிடைத்த தேக்கை இழைப்புளியிட்டு இழைத்து, மூலைகளைச் சரிபாதி செங்கோணமாக அறுத்துப் பொருத்துகிறார். கண்ணாடியை அளந்து வெட்டுவதும், படத்தின் பின்புறத்தில் அட்டை வைத்துப் பசைத்தாள் ஒட்டுவதும், பசையிலே பூச்சி வாராதபடி மயில்துத்தம் கலப்பதும் மனைவியின் வேலை. கணக்கு எழுதுவதும் அவரே. அந்தக் கணக்கைப் பற்றிப் பின்னர்க் கூறுவேன்.

மாணவர்களே, படத்துக்குச் சட்டம் போட்டு வீட்டுச் சுவரில் மாட்டும் வழக்கம் நம் நாட்டில் மிகப் பழமையானது என்று எண்ணிவிடுதல் கூடாது. ஓவியம் நமக்குப் பழமையானதுதான். ஆனால் அது நெடுங்காலம் சுவரோடு சுவராக இருந்தது. சித்தன்னவாசலிலும் தஞ்சைப் பெரிய கோயிலிலும் உள்ள ஓவியங்களை இடம்பெயர்த்து எடுத்துச் செல்ல இயலாது. அவற்றைக் காண விரும்புவோர்தாம் அங்கே செல்லவேண்டும். தஞ்சை மராட்டிய மன்னர் காலத்தில், சிறப்பாக 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோசியின் காலத்தில், பலகை ஓவியம் செழித்தது. மரப்பலகையின்மேல் துணியை ஒட்டி, சுண்ணப்பொடியும் பசையும் கலந்த பூச்சால் நகைகளையும் தூண்களையும் புடைப்பாக எழுப்பி, அதன்மேல் பொன்தகடு போர்த்து, கற்களைப் பதித்து அமைப்பர். கண்ணாடியின் பின்புறத்தில் உருவத்தைத் தலைகீழ் முறையில் எழுதும் கண்ணாடி ஓவியமும் அக்காலத்தில் தஞ்சையில் வழங்கிற்று. இவை செல்வர் வீட்டுப் பூசையறைக்கும் பசனை மடத்துக்கும் உரியன. உழைத்து உண்ணும் எளியவன் வீட்டுச் சுவர் வெறுஞ்சுவராகவே இருந்தது.

அந்த வெறுஞ்சுவரை நிரப்பியது ஒரு கல். 18ஆம் நூற்றாண்டின் முடிவில் ஜெர்மனியில் அலோய்ஸ் செனபெல்டர் என்பவர், ஒருவகைச் சுண்ணாம்புக் கல்லின்மேல் எண்ணெய் கலந்த மையால் எழுதி அதிலிருந்து படி எடுக்கும் முறையைக் கண்டார். எண்ணெயும் நீரும் ஒன்றோடொன்று சேரா என்னும் எளிய உண்மையே அதன் அடிப்படை. பின்னர் ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிக் கல் அமைத்துப் பல வண்ணப் படங்களை ஆயிரக்கணக்கில் அச்சிட்டனர். கிளிமானூரில் 1848இல் பிறந்த இராஜா ரவிவர்மாவின் எண்ணெய் வண்ண ஓவியங்களை அரசர்களே வாங்க முடிந்தது. அவற்றை இவ்வாறு அச்சிட்டுப் பரப்பலாமே என்று அவருக்கு யோசனை கூறியவர், கும்பகோணத்தில் பிறந்து திவானாக விளங்கிய டி. மாதவராவ். ரவிவர்மா 1894இல் பம்பாயில் அச்சகம் நிறுவினார். அது பின்னர் லோனாவ்லாவுக்கு அருகில் உள்ள மலவ்லிக்கு மாறியது. ஜெர்மானியரான ஷ்லைகர் என்பவர் கைக்கும் சென்றது. 1972இல் தீக்கு இரையாயிற்று. ஆயினும் அங்கிருந்து புறப்பட்ட இலக்குமியும் கலைமகளும் குமரிமுனை வரை வந்து சேர்ந்தனர்.

தமிழகத்தின் தென்பகுதியில் இதே பணியை வேறொரு வகையில் செய்தவர் கோவில்பட்டியில் குடியேறிய கொண்டைய ராஜு. 1898இல் பிறந்த இவர் சென்னை ஓவியப் பள்ளியில் பயின்றவர். நாடகக் கம்பெனிக்குத் திரை எழுதியவர். இவரும் இவர்தம் மாணவர்களும் வரைந்த தெய்வ உருவங்கள் அருகிலுள்ள சிவகாசியில் அச்சேறி, நாட்காட்டிகளாக ஊர்தோறும் சென்றன. சிவகாசியின் அச்சுத்தொழில் வளர்ந்த கதையும் அறியத்தக்கது. அவ்வூரார் இருவர் 1922இல் கல்கத்தா சென்று தீப்பெட்டி செய்யக் கற்று வந்தனர். தீப்பெட்டிக்கு வண்ணச்சீட்டு வேண்டியிருந்தது. சீட்டுக்கு அச்சகம் வேண்டியிருந்தது. அச்சகம் வந்தபின் நாட்காட்டியும் வந்தது. ஒரு தொழில் மற்றொரு தொழிலை ஈன்றெடுத்ததற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுவதில்லை.

இப்படி வந்த தாள்படம் அற்ப ஆயுள் உடையது. விளக்குப் புகை அதைக் கருக்கும், மழைக்காலத்து ஈரம் அதைப் பூக்கச் செய்யும், செல் அரிக்கும். அதன்மேல் சந்தனமும் குங்குமமும் இட்டால் ஒரு திங்களில் ஊறிக் கிழியும். சட்டமும் கண்ணாடியும் இங்கேதான் பயன்பட்டன. இன்றும் நம் வீடுகளில் பொட்டு இடுவது தெய்வத்தின் நெற்றிக்கு நேராகக் கண்ணாடியின்மேல் அல்லவா? வெள்ளிக்கிழமைதோறும் துடைத்து மீண்டும் இடலாம்; உள்ளே உள்ள படம் பழுதுறாது. சில அணாக்களுக்கு வாங்கிய தாளை வழிபாட்டுக்குரிய திருவுருவமாக உயர்த்தியதில் சட்டம் போடும் தொழிலாளிக்கும் பங்கு உண்டு. அந்தத் தொழிலாளியின் பெயரை எந்தப் படத்திலும் காண முடியாது.

இதில் சமுதாய வரலாறும் அடங்கியிருக்கின்றது. மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் ஒடுக்கப்பட்ட மக்கள் அ. வைத்தியநாத ஐயர் தலைமையில் நுழைந்தது 1939ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 8ஆம் நாள். அதற்கு முன் எத்தனையோ தலைமுறையினர் கோபுரத்தை மட்டுமே கண்டு கும்பிட்டுத் திரும்பினர். கருவறையை அவர்கள் கண்ணால் கண்டதில்லை. கோயில் கதவு திறக்கும் முன்பே அச்சுப்படம் அவர்தம் குடிசைக்குள் சென்றுவிட்டது. படக்கடைக்காரன் வந்தவனின் குலத்தைக் கேட்கவில்லை; சட்டத்தின் அளவைத்தான் கேட்டான். எத்தனையோ வீடுகளில் தெய்வத்தின் திருமுகத்தை முதன்முதலாக அருகிலிருந்து நோக்கியது இவ்வாறுதான்.

தெய்வப் படத்தை அடுத்துச் சுவருக்கு வந்தது மனிதர் படம். புகைப்பட முறை ஐரோப்பாவில் 1839இல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. இருபது ஆண்டுகள் முடியுமுன்னரே, 1858இல், லின்னேயஸ் டிரைப் என்னும் படைத்தலைவர் மதுரையையும் தஞ்சையையும் திருவரங்கத்தையும் படம் பிடித்தார். பின்னர் நகரங்கள்தோறும் புகைப்பட நிலையங்கள் தோன்றின. செட்டிநாட்டார் பர்மா, இலங்கை, மலேயா முதலிய நாடுகளில் கொண்டுவிற்று வந்த காலம் அது. இரங்கூனிலும் பினாங்கிலும் எடுத்த படங்கள் தேக்குச் சட்டமிட்டுச் செட்டிநாட்டு வீடுகளின் முகப்பையும் வளவையும் அணி செய்தன. தந்தை கடல் கடந்து இருக்கையில் பிள்ளைகளுக்கு அவர் முகம் காட்டியது அந்தப் படமே.

நிற்க. அந்த வீடுகள் என்னவாயின என்பதையும் பார்த்தல் வேண்டும். எழுபதுக்கும் மேற்பட்ட ஊர்களில் மாளிகை போன்ற வீடுகள் எழுந்தன. பர்மாத் தேக்குத் தூண்கள், இத்தாலியப் பளிங்கு, பெல்ஜியம் கண்ணாடி, ஐரோப்பிய எனாமல் பாத்திரங்கள், ஜப்பானிய மங்குச் சாமான்கள், உள்ளூரிலேயே வார்த்த ஆத்தங்குடித் தரைக்கல் என்று உலகத்தின் பல பொருள்கள் அங்கே ஒன்றுகூடின. 1930களில் உலகெங்கும் வணிகம் வீழ்ந்தது. 1942இல் ஜப்பானியப் படை பர்மாவைக் கைக்கொண்டது. ஆயிரக்கணக்கானோர் கையில் எடுத்தது போக மற்றவற்றைக் கைவிட்டுத் தாயகம் திரும்பினர். பலர் கால்நடையாகவே மலையும் காடும் கடந்தனர். போருக்குப் பின் பர்மாவில் நிலங்களும் நிறுவனங்களும் அரசுடைமையாயின. கொடுத்த கடனும் வாங்கிய நிலமும் ஏட்டில் மட்டும் எஞ்சின.

செட்டிநாட்டில் மணமான தம்பதியரை ஒரு 'புள்ளி' என்று கணக்கிடுவர். பாட்டனார் கட்டிய ஒரு வீட்டில் மூன்றாம் தலைமுறையில் பத்துப் புள்ளிகளுக்குப் பங்கு இருக்கும். ஒருவர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் அமெரிக்காவில். ஓடு மாற்றவும் பத்துப் பேர் இசையவேண்டும். பழுது பார்ப்பதற்கு இசைவு கிடைப்பது அரிது; பிரித்துக்கொள்வதற்கு எளிது. கதவு ஒருவருக்கு, தூண் ஒருவருக்கு, பெட்டகம் ஒருவருக்கு என்று பங்கு பிரிந்தபின், வைத்துக்கொள்ள இடமில்லாதவர் விற்கின்றார். இவ்வாறுதான் மரவையும் கொட்டானும், ரசம் போன நிலைக்கண்ணாடியும், வெண்கல உருளியும் நம் தம்பதியரின் கடைக்கு வந்து சேர்கின்றன.

இதிலே ஒரு துயரம் உண்டு. வாங்க வருவோர் பெரும்பாலும் சட்டத்தையே விரும்புகின்றனர், படத்தை விரும்புவதில்லை. நகரத்து விடுதிக்கும் உணவகத்துக்கும் பழைய தேக்குச் சட்டம் அழகு தரும். உள்ளே இருப்பவர் யாரோ ஒருவர். அவரை எடுத்தெறிந்துவிட்டு முகம் பார்க்கும் கண்ணாடி பதித்துக்கொள்கின்றனர். பல கடைகளின் பின்புறத்தில் இவ்வாறு நீக்கப்பட்ட பாட்டனார்களும் பாட்டிமார்களும் கட்டுக்கட்டாகக் கிடப்பதைக் காணலாம்.

இங்கேதான் அந்த அம்மையாரின் கணக்கேடு சிறப்புப் பெறுகின்றது. அவர் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண் இட்டு, நாள், விலை ஆகியவற்றோடு, எந்த ஊர், எந்த வீடு, அவ்வீட்டில் எந்த இடத்தில் இருந்தது, கொடுத்தவர் அதைப்பற்றிக் கூறியது என்ன என்பவற்றையும் எழுதிவைக்கின்றார். ஒருமுறை வயது முதிர்ந்த ஆச்சி ஒருவர் பெரிய படம் ஒன்றைக் கொண்டுவந்து, "சட்டத்துக்கு என்ன தருவீர்கள்?" என்று கேட்டார். "தருகிறோம் ஆச்சி. முதலில் இதில் உள்ளவர்கள் யார் என்று சொல்லுங்கள்" என்றார் கடைக்கார அம்மையார். நடுவில் இருப்பவர் மாமனார், அருகில் நிற்பவர் கடை மேலாள், படம் மோல்மீன் நகரில் எடுத்தது, தரையில் அமர்ந்திருக்கும் சிறுவன் நடந்து வரும் வழியில் காலமானான் என்று ஆச்சி ஒவ்வொன்றாகச் சொன்னார். இவற்றையெல்லாம் எழுதி ஒரு தாளைப் படத்தின் பின்னே ஒட்டி, எளிய புதுச்சட்டம் ஒன்றில் அமைத்து, அம்மையார் அதை ஆச்சியிடமே திருப்பிக் கொடுத்தார். பழைய சட்டத்துக்குப் பேசிய விலையையும் குறைக்கவில்லை. அன்று அந்தப் பட்டறைக்கு வரவு இல்லை, செலவுதான். ஆனால் பர்மாவிலிருந்து நடந்து வந்த ஒரு குடும்பத்தின் வரலாற்றில் ஒரு பக்கம் அழியாமல் நின்றது.

ஒரு பொருள் எங்கிருந்து வந்தது என்னும் குறிப்பு அதனோடு சேர்ந்திருந்தால் அது வரலாற்றுச் சான்று. அக்குறிப்பு நீங்கிவிட்டால் அது வெறும் அலங்காரப் பொருள். கல்வெட்டைப் பெயர்த்து ஊர் மாற்றி வைத்தால் அதன் பொருள் பாதி அழியும் என்பதை வரலாற்று மாணவர் அறிவர். குத்துவிளக்குக்கும் அந்த விதி பொருந்தும்.

இனி மற்றொரு சட்டத்துக்கு வருவோம். நிலத்தில் புதைந்து கிடைக்கும் பொருளை ஆட்சியருக்கு அறிவிக்கவேண்டும் என்னும் புதையல் சட்டம் 1878இல் வந்தது. பழமைச் சின்னங்களைக் காக்கும் சட்டம் 1904இலும், தொல்பொருள் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தும் சட்டம் 1947இலும் பிறந்தன. இன்று நடைமுறையில் உள்ள தொல்பொருள் மற்றும் கலைச்செல்வச் சட்டம் 1972இல் இயற்றப்பட்டு 1976இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி நூறாண்டுக்குக் குறையாத சிற்பம், ஓவியம், கைவினைப் பொருள் முதலியன தொல்பொருள் ஆகும். வரலாற்று மதிப்புடைய சுவடிகளுக்கு எழுபத்தைந்து ஆண்டே போதும். உரிமம் இன்றி அவற்றை வணிகம் செய்தல் குற்றம். தனியார் அவற்றை வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்தல் அறவே கூடாது.

இத்தகைய சட்டம் ஏன் வேண்டியிருந்தது என்பதற்குப் பத்தூர் நடராசர் சான்று. 1976இல் தஞ்சை மாவட்டத்துப் பத்தூரில் மண்ணைத் தோண்டிய தொழிலாளி ஒருவருக்குச் சில செப்புத்திருமேனிகள் கிடைத்தன. அவற்றுள் நடராசர் கைமாறிக் கைமாறி இலண்டன் சென்றார். அங்கே வழக்கு நடந்தது. தொல்லியல் அறிஞர் இரா. நாகசாமி சென்று சாட்சியம் அளித்தார். சிதைந்து கிடந்த கோயிலும் தன் உடைமையைக் கோரி வழக்காட உரிமை உடையது என்று இங்கிலாந்து நீதிமன்றம் ஏற்றது. 1991இல் நடராசர் தாயகம் திரும்பினார். அரியலூர் மாவட்டத்துச் சிறீபுரந்தான் கோயிலிலிருந்து களவு போன நடராசரை ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் 2008இல் பெரும்பொருள் கொடுத்து வாங்கியது. அத்திருமேனி 2014இல் திருப்பித் தரப்பட்டது. அந்தக் களவை மெய்ப்பிக்க உதவியது எது என்று நினைக்கின்றீர்கள்? புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் முன்னரே கோயிலில் எடுத்து வைத்திருந்த புகைப்படம். எங்கே, எந்தக் கோயிலில் என்னும் குறிப்போடு அது காக்கப்பட்டிருந்தமையால், கடல் கடந்து சென்ற திருமேனிக்கு ஊர் கிடைத்தது. குறிப்பு எழுதிய ஒரு சிறு படம், பல கோடி பெறுமானமுள்ள சிலையை மீட்டது.

நம் கடைக்கும் இந்தச் சோதனை வந்தது. ஒருநாள் அந்தி வேளையில் முன்பின் அறியாத இளைஞன் ஒருவன் சாக்கிலே சுற்றிய அம்மன் திருமேனி ஒன்றைக் கொண்டுவந்தான். பாட்டி வீட்டுப் பூசையறையில் இருந்தது என்றான். கணவர் மூன்று கேள்விகள் கேட்டார்: எந்த ஊர்? எந்த வீடு? அறிந்தவர் யார்? நாளை வந்து சொல்வதாகக் கூறிச் சென்றவன் திரும்பவில்லை. 'வாங்கவில்லை, நம் கை சுத்தம்' என்று கணவர் அமைதியுற்றார். மனைவி அமைதியுறவில்லை. "நாம் வாங்காவிட்டால் இன்னொருவர் வாங்குவார். அந்த அம்மன் எந்த ஊரில் இல்லாமல் போய்விட்டாளோ, அந்த ஊருக்கு நாம் என்ன பதில் சொல்வது?" என்றார். காவல் நிலையத்தில் சொன்னால் தம்மையே ஐயுறுவார்களே என்று கணவர் அஞ்சினார். அவர் அஞ்சியவாறே நடந்தது. பலமுறை விசாரணைக்கு அலைந்தனர். கடை சில நாள் பூட்டிக் கிடந்தது. இறுதியில் அவர்களுக்குத் துணை நின்றது அந்தக் கணக்கேடே. ஒவ்வொரு பொருளும் வந்த வழி அதில் தெளிவாக இருந்தமையால், ஐயத்துக்கு இடமில்லாமற் போயிற்று. அம்மன் திருமேனி கிடைத்ததா என்பது அவர்களுக்கு இன்றுவரை தெரியாது. எனினும் அறிவித்தது தவறென்று அவர்கள் ஒருநாளும் கூறியதில்லை.

வணிகமும் அறமும் ஒன்றாக வாழ இயலுமா என்பது பழைய வினா. பழம்பொருள் வணிகர் அனைவரும் கொள்ளையர் என்று கூறுவது தவறு. கரையானுக்கும் அடுப்புக்கும் இரையாக இருந்த எத்தனையோ பொருள்களைக் காத்தவர் அவர்கள். அவர்கள் விலை கொடாதிருந்தால் பல தேக்குத்தூண்கள் விறகாகியிருக்கும். ஆனால் விலை கொடுத்ததனாலேயே ஒரு பொருள் நமக்கு முழுவதும் உரியதாகிவிடுமா? வீட்டுப் பொருளை விற்கும் உரிமை வீட்டாருக்கு உண்டு. ஊர்ப் பொருளை விற்கும் உரிமை எவருக்கும் இல்லை. இந்த வேறுபாட்டை உணர்ந்து நடப்பவரே நேர்மையான வணிகர்.

மாணவர்களே, உங்களுக்கு ஒரு சிறு கடமை உண்டு. அருங்காட்சியகம் அமைக்க உங்களால் இயலாது, வேண்டியதும் இல்லை. உங்கள் வீட்டுச் சுவரில் உள்ள பழைய படத்தை இறக்கித் தூசி தட்டிப் பாருங்கள். அதில் உள்ளவர் யார், எந்த ஊரில் எடுத்தது என்று பாட்டனாரையோ பாட்டியாரையோ கேளுங்கள். அறிந்ததை ஒரு தாளில் எழுதிப் பின்புறத்தில் ஒட்டுங்கள். பள்ளிக்கூடங்களில் ஆண்டுதோறும் எடுக்கும் குழுப்படத்துக்கும் இது பொருந்தும். பெயர் எழுதாத படத்தில், முப்பது ஆண்டு கழித்து, ஆசிரியரே தம் மாணவரை அடையாளம் காண இயலாமல் திகைப்பார். உங்கள் ஊர்க் கோயிலில் உள்ள திருமேனிகளுக்கும் கல்வெட்டுகளுக்கும் படமும் பட்டியலும் உண்டா என்று பெரியோரிடம் வினவுங்கள். இல்லையெனில் உருவாக்கும்படி வேண்டுங்கள்.

மரச்சட்டத்தைத் தச்சர் செய்து தருவார். அரசுச் சட்டத்தை ஆன்றோர் இயற்றித் தருவர். அவற்றுக்குள் வைத்துக் காக்கவேண்டிய நினைவை மட்டும் நாமே எழுதவேண்டும். சொல்லக்கூடிய முதியவர் நம்மிடையே இருக்கும் நாளிலேயே அதை எழுதிவிடுதல் நலம்.